முதலில் அனுப்பியவன் யார்?

இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம். ஆனால் ஆரம்பம் என்னுடைய அசட்டுத்தனத்திலிருந்துதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மறுநாள் காலை லேப் பிராக்டிகல். படித்தேனா என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியம்மா பையன் ஒரு படம் போட்டான். டிவி சேனல் ஒன்றின் நியூஸ் கார்டு. "கனமழை: நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை - மாவட்ட ஆட்சியர்". எங்கள் மாவட்டத்தின் பெயர் பெரிதாகச் சிவப்பில். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. படத்தை முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே விரல் அந்த அம்புக்குறியை அமுக்கிவிட்டது. கிளாஸ் குரூப்பில் அறுபது பேர். இரண்டே நிமிடத்தில் ஆட்டம் போடும் பொம்மைகள் இருபது வந்து விழுந்தன.

காலையில் எழுந்து பார்த்தால் லீவும் இல்லை, ஒன்றும் இல்லை. அரக்கப் பரக்க ஓடிப் போய்ப் பிராக்டிகல் செய்தோம். ஆனால் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் லீவ்தானே என்று ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டான். ஊர் போய்ச் சேர ஆறு மணி நேரம். திரும்பி வர வழியே இல்லை. மறு தேர்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்டர்னல் மார்க் போனது போனதுதான். மூன்று வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

குற்ற உணர்ச்சியில் அந்தக் கார்டை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் தேதி. அதற்கு முந்தைய வருடத்துத் தேதி! அன்றைக்கு நிஜமாகவே லீவ் விட்டிருந்தார்கள். கார்டு போலி இல்லை. சேனல் பொய் சொல்லவில்லை. ஆட்சியர் பொய் சொல்லவில்லை. பெரியம்மா பையன் வேண்டுமென்று செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ஆனாலும் ஒரு பொய் அறுபது பேரிடம் போய்ச் சேர்ந்து ஒருத்தன் மார்க்கையும் தின்றுவிட்டது. பொய் சொன்னவன் என்று ஒருவன்கூட இல்லாத பொய்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், நம் நாட்டில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. "முதலில் அனுப்பியவன் யார்?" என்று கேட்கிற விதி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர் என்கிற ஊர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வருகிறது. வழி கேட்க நிறுத்துகிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, காரில் இருந்த அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் சாக்லேட் கொடுக்கிறார். நம் வீட்டுப் பாட்டி செய்திருக்க மாட்டாரா? அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. சுற்றி நின்றவர்கள் அதைச் செல்பேசியில் படம் எடுத்தார்கள்.

வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. ஜூன் 8 அன்று அஸ்ஸாமின் கர்பி ஆங்லாங்கில் இரண்டு இளைஞர்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஐந்து பேர். ஜூலை 13 அன்று கர்நாடகாவின் பீதரில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். எல்லாம் இதே வதந்தி.

அப்போது நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கலாம். தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் பகீரென்று இருக்கும். அது கராச்சியில் ஒரு குழந்தைகள் நல அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம்! முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, கராச்சியில் வருடா வருடம் இவ்வளவு குழந்தைகள் காணாமல் போகிறார்கள், கவனமாக இருங்கள் என்று அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் ஆளைக் கொல்லப் பயன்பட்டது.

இதன் பிறகு மத்திய அரசு வாட்ஸப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், கும்பல் கொலையைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றி யோசியுங்கள் என்றது. கேள்வி எல்லோர் மனதிலும் ஒன்றுதான். இதை முதலில் கிளப்பிவிட்டவனைப் பிடிக்க முடியாதா?

இந்தக் கேள்வி கோர்ட் ஏறியதில் சென்னைக்கும் பங்கு உண்டு. சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஆதார் விஷயம் கழன்றுகொண்டது, ஆனால் செய்தியின் மூலத்தைக் கண்டுபிடிப்பது என்கிற விஷயம் ஒட்டிக்கொண்டது. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பலாம், இது சாத்தியம்தான் என்று 2019-இல் அறிக்கை கொடுத்தார். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை எதிர்த்துக் கருத்துக் கொடுத்தார். இரண்டு ஐஐடிக்கு நடுவில் மேட்ச்! வழக்கு அந்த வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

பிறகு 2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு புது ஐடி விதிகளை வெளியிட்டது. அதில் 4(2) என்று ஒரு விதி. ஐம்பது லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள மெசேஜ் நிறுவனங்கள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும். அந்த மே மாதமே வாட்ஸப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரலில், பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போக வேண்டியதுதான் என்கிற அளவுக்கு அவர்கள் வக்கீல் அங்கே பேசினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த விதியை எழுதியவர்களை வில்லன்களாகக் காட்டுவது சுலபம், ஆனால் சரியில்லை. எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் இது கிடையாது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசம் போன்ற குற்றங்களுக்கு மட்டும். அதுவும் ஐந்து வருடத்துக்குக் குறையாத தண்டனை உள்ளவை. வேறு மென்மையான வழி இருந்தால் இந்த உத்தரவு போடக்கூடாது என்றும் விதியிலேயே இருக்கிறது. என் லீவ் கார்டுக்கெல்லாம் யாரும் வரமாட்டார்கள் :-) ஒரு பெண்ணின் படத்தை மார்ஃப் செய்து ஊர் முழுக்க அனுப்பியவனைப் பிடிக்க முடியாமல் அவள் குடும்பம் ஸ்டேஷன் படி ஏறி இறங்கும்போது, பிரைவசி பற்றி அவர்களிடம் லெக்சர் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனாலும் இந்த விதி தப்பான மருந்து என்றுதான் நினைக்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம், எந்தச் செய்தி நாளைக்குக் குற்றமாகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. வாட்ஸப்பில் 2016 முதல் எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை பூட்டு இருக்கிறது. அதாவது சாவி உங்கள் போனிலும் எதிராளி போனிலும் மட்டும்தான். நடுவில் இருக்கும் கம்பெனிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகத் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. பின்னாளில் ஒரு செய்தியைக் காட்டி "இது யாருடையது?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றால், எல்லாருடைய எல்லாச் செய்திக்கும் இன்றே ஒரு அடையாளம் போட்டு வைக்க வேண்டும். திருடன் ஒருவனைப் பிடிக்க ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் வருவோர் போவோர் கணக்கு எழுத ஆள் வைப்பது மாதிரி. நாற்பது கோடிப் பேருக்கு மேல் இங்கே வாட்ஸப் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் "சாப்பிட்டியா"வுக்குப் பதில் போட்டதற்குக்கூட ரேகை எடுத்து வைக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன நாட்டில் இதைச் செய்ய ரொம்பப் பலமான காரணம் வேண்டும்.

இரண்டாவது, உண்மையான கில்லாடி மாட்டமாட்டான். ரேகை எடுக்கும் முறையில் ஒரு கமா மாற்றினாலும் ரேகையே மாறிவிடும். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினால் அது புது வீடியோ. அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்து அனுப்பும் முறையில், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் எடுத்தவன்தான் "முதல்" ஆள். வெளிநாட்டு நம்பரில் இருந்தோ வேறு செயலியில் இருந்தோ ஆரம்பித்தால் அங்கேயே நூல் அறுந்துவிடும். விவரம் தெரிந்தவன் தப்பிப்பான். விவரம் தெரியாத சித்தப்பா மாட்டுவார்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த விதியில் இன்னொரு வரி இருக்கிறது. முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரையே மூலகர்த்தாவாகக் கொள்ள வேண்டும். இப்போது கராச்சி வீடியோவை இதில் வைத்துப் பாருங்கள். மூலகர்த்தா ஒரு குழந்தைகள் நல அமைப்பு. சரி, அவர்கள் வெளிநாடு. இந்தியாவில் முதலில் அனுப்பியவர் யார்? துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்பியதை, "அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பத்திரமா பாத்துக்குங்க" என்று நல்லெண்ணத்தில் போட்ட ஒரு அம்மாவாக இருக்கலாம். வெட்டியவன் வேறு ஆள். வெட்டிய பிறகு குரல் சேர்த்தவன் வேறு ஆள். "நம்ம ஊர் பக்கத்துலதான் நடந்துச்சு" என்று ஒரு வரி சேர்த்தவன் இன்னொருவன். அந்த ஒரு வரிதான் ஆளைக் கொன்றது. அந்த வரி ஊருக்கு ஊர் வேறு. இதில் முதல் ஆள் என்று யாரைப் பிடிப்பது?

அத்திமூரில் அடித்தவர்களைக் கண்டுபிடிக்க எந்த பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகல், நடு ஊர், கையில் கேமரா. வதந்தி ஒரு ஆளிடமிருந்து கிளம்புகிற அம்பு என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அது கை மாறக் கை மாறப் பெருகுகிற விஷயம். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தாரே, எங்கள் அம்மா இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார். ஒரே நாளில் நாடு முழுக்க, ஏன், வெளிநாட்டுக் கோயில்கள் வரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு வாட்ஸப் ஏது? செல்பேசியே அந்த வருடம்தான் இந்தியாவில் எட்டிப் பார்த்தது. எஸ்டிடி பூத்தும் பக்கத்து வீட்டு லேண்ட்லைனும் போதுமானதாக இருந்தது. முதலில் பால் கொடுத்தவரைத் தேடிப் பிடித்து என்ன செய்வது?

நான்காவது, போலீசுக்காக வைத்த கதவு போலீசுக்கு மட்டும் திறக்காது. இது சும்மா பயமுறுத்தல் இல்லை. கிரீஸில் 2004-05-இல், சட்டப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த வசதியை யாரோ கைப்பற்றி, அந்த நாட்டுப் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல் போனை ஒட்டுக்கேட்டார்கள். அமெரிக்காவில் 2024-இல், "சால்ட் டைபூன்" என்று பெயர் வைக்கப்பட்ட சீன ஹேக்கர் கூட்டம் டெலிபோன் கம்பெனிகளுக்குள் புகுந்து, கோர்ட் உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்பு வரைக்கும் போய்விட்டது தெரியவந்தது. அந்த டிசம்பரில் அந்த நாட்டு சைபர் பாதுகாப்பு அமைப்பே முக்கியப் பிரமுகர்களிடம் என்ன சொன்னது தெரியுமா? முனைக்கு முனை பூட்டு உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று!

"எல்லாத்தையும் வேண்டாங்கிறியே, அப்ப என்னதான் செய்யணும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. வேலை செய்த மருந்துகள் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன.

ஒன்று, வேகத்தடை. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மட்டுமே ஃபார்வர்ட் செய்யலாம் என்று வாட்ஸப் குறைத்தது. படம், வீடியோ பக்கத்திலேயே இருந்த அந்த அவசர பட்டனையும் எடுத்தது. 2019 ஜனவரியில் அந்த ஐந்து உலகம் முழுக்க வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் நடமாட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனம் சொன்னது. கம்பெனி கணக்கு என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் பெரிய எண்தான். யாருடைய செய்தியையும் படிக்கவில்லை, யாருக்கும் ரேகை எடுக்கவில்லை. அனுப்புவதைக் கொஞ்சம் கஷ்டமாக்கினார்கள், அவ்வளவே.

இரண்டு, ஆள். தெலங்கானாவில் ஜோகுலாம்பா கட்வால் மாவட்ட எஸ்பியாக இருந்த ரெமா ராஜேஸ்வரி, 2018-இல் கிராமத்துக்கு ஒரு போலீஸ்காரரை ஒதுக்கி, ஊர்க்காரர்களோடு பழகவைத்து, நாட்டுப்புறப் பாடகர்களைக் கூட்டிப் போய், இந்த வீடியோக்கள் பொய் என்று பாட்டாகவே சொல்லவைத்தார். அவர் பொறுப்பில் இருந்தவை சுமார் 400 கிராமங்கள். நாடு முழுக்க அடித்துக் கொன்றுகொண்டிருந்த அந்த நாட்களில் அங்கே ஒரு சாவும் இல்லை. கேரளாவில் கண்ணூர் மாவட்டத்தில் அப்போதைய ஆட்சியர் மீர் முகமது அலி, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடமே நடத்தவைத்தார். மார்ஃப் செய்த படம் போன்ற குற்றத்திலும், யாரிடமிருந்து வந்தது என்று பெற்றவர் போனிலேயே இருக்கிறதே. கை கையாகப் பின்னோக்கிப் போவது பழைய போலீஸ் வேலைதான். நேரம் பிடிக்கும், ஆள் வேண்டும், காசு வேண்டும். விதி எழுதக் காசு வேண்டாம். அதனால்தான் விதி முதலில் வருகிறது என்பது என் சந்தேகம்.

மூன்று, நாம். இதைச் சொன்னால் அட்வைஸ் மாதிரி இருக்கும், ஆனால் சொல்லாமல் விட முடியாது. லீவ் கார்டு சம்பவத்துக்குப் பிறகு நான் எனக்கு வைத்துக்கொண்ட விதிகள் இவை:

- தேதி பார்க்காமல் எந்தக் கார்டையும் அனுப்புவதில்லை.
- "உடனே பகிரவும்" என்று இருந்தால் உடனே பகிர்வதில்லை. அவசரப்படுத்துகிறவன் எதையோ விற்கிறான்.
- இரட்டை அம்புக்குறி இருந்தால், அனுப்பியவரையே "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிடுவது.
- தப்பாக அனுப்பிவிட்டால் அதே குழுவில், அதே சத்தத்தில், தப்பு என்று சொல்வது.

கடைசி விதிதான் இருப்பதிலேயே கஷ்டம். சென்ற மாதம் எங்கள் சித்தப்பா, ஏதோ ஒரு பழத்தைச் சாப்பிட்டால் சுகர் ஓடிப் போய்விடும் என்று குடும்பக் குழுவில் போட்டார். எல்லோர் முன்னாலும் சொல்லாமல் தனியாகப் போன் பண்ணினேன்.

"சித்தப்பா, அது உண்மையில்ல. பாட்டி மாத்திரைய நிறுத்திடப் போறாங்க."

"அப்படியாடா? நல்லதுதானே, நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு போட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, நானே அழிச்சிடறேன். நீ சொன்னன்னு சொல்லமாட்டேன்" என்றார். ஐந்து நிமிடத்தில் குழுவில் அவரே எழுதினார், "மேலே போட்டது தவறான தகவல், யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்". எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

"நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்கிற எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அது கெட்ட எண்ணம் இல்லை. அந்தக் கராச்சி வீடியோவை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கொலைகாரர்கள் இல்லை, பிள்ளையைப் பெற்றவர்கள். அதனால்தான் முதல் ஆளைத் தேடுவது நமக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. எங்கோ ஒரு அயோக்கியன் இருக்கிறான், அவனைப் பிடித்தால் போதும், நடுவில் அனுப்பிய நாம் எல்லாம் வெறும் தபால்காரர்கள் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அத்திமூரில் அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு வதந்தி வந்தது முதல் ஆளிடமிருந்து இல்லை. தெரிந்த நம்பரிலிருந்து. மச்சானிடமிருந்து, மாமாவிடமிருந்து, கூடப் படித்தவனிடமிருந்து. தெரிந்த ஆள் அனுப்பியதால்தான் நம்பினார்கள். என் கிளாஸில் அறுபது பேர் லீவை நம்பியது அந்தச் சேனலுக்காக இல்லை, நான் அனுப்பினேன் என்பதற்காக.

முதலில் அனுப்பியவன் யார் என்று அரசு கேட்கட்டும், கோர்ட் பதில் சொல்லட்டும். எனக்கு வேண்டிய கேள்வி வேறு. கடைசியாக அனுப்பியவன் யார்? அதற்குப் பதில் என் போனிலேயே இருக்கிறது.

பி.கு: அந்த ஹாஸ்டல் நண்பன் இப்போது பேசுகிறான். ஆனால் மழை வந்தால் மட்டும் என்னைப் பார்த்து, "என்ன மாப்ள, நாளைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் :-(